மரத்தில் வைத்தால் தெளியும்

பஞ்சநாதன் சிமெண்ட் சாக்கில் எதையோ கட்டி ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, சுமலதா வாசலில் உட்கார்ந்து உள்பாவாடைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். சாக்கின் அடியில் எண்ணெய்க் கறை படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இன்னொண்ணு வாங்கிட்டியா?” என்றாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “ஆமா, நல்ல வெயிலு” என்றான்.

கார்த்திகை மாதம். இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது. சுமலதா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து பின்பக்கம் போய்விட்டான்.

சாரம் பகுதியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துவைக்கிற கல்லும் ஒரு கொய்யா மரமும் நாலு தகரம் போட்ட சாய்ப்பும் உண்டு. அங்கே போய் அவன் சாக்கைப் பிரித்தான். உள்ளே இருந்தது மரம் அறுக்கும் மிஷின். மேல்மூடி வெடித்து, கைப்பிடியில் யாரோ கறுப்பு டேப் சுற்றி, செயின் துருப்பிடித்து, பழைய இரும்புக் கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ, ஒரு பல்லி வேறு உள்ளேயிருந்து ஓடியது.

“இதுக்கு உசுரு வருமா?” என்று கேட்டாள் சுமலதா. இந்தத் தடவை முன்னால் போய் நின்று, அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“கீழ கிராங்க் சும்மா கல்லு மாதிரி கீது. மேல மட்டும்தான் போயிருக்குது. நம்மளுதுல மேல நல்லாருக்குது, கீழ போயிடுச்சு. ரெண்டையும் சேத்தா ஒண்ணு.”

நம்மளுது என்று அவன் சொன்னது, புரட்டாசியில் செத்துப்போன அவனுடைய சொந்த மிஷினை. அது கட்டிலுக்கு அடியில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. லாஸ்பேட்டையில் ஒரு வேப்பமரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது பாதி மரத்தில் இறுகி நின்றுவிட்டது. ஆத்திரத்தில் அவன் கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்ததில் கீழே இருந்த பேரிங்கும் உடைந்தது. வீட்டுக்கு வந்தவன் சொன்ன காரணம், எண்ணெய். “கலப்பட எண்ணெய வித்துட்டான்.” அதற்குப் பிறகு அந்த மிஷினை அவன் திறந்து பார்க்கவேயில்லை. எப்போதும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் மனுஷன் இரண்டு மாதமாக ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்பதுதான் சுமலதாவுக்கு விநோதமாக இருந்தது.

மரம் வெட்டுவது இரண்டு பேர் வேலை. கூட்டாளி ராமலிங்கம் மேலே ஏறுவான், பஞ்சநாதன் கீழே நிற்பான். ராமலிங்கம் கிளையில் கயிற்றைக் கட்டிக் கைவாளால் அறுத்துவிட்டு, ‘விடு’ என்றால் கீழே இருப்பவன் கயிற்றைத் தளர்த்த வேண்டும், ‘நில்லு’ என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிளையெல்லாம் இறங்கி அடிமரம் மட்டும் நிற்கும்போதுதான் மிஷினுக்கு வேலை வரும். பதினாறு வருஷமாக இப்படித்தான்.

மிஷின் விஷயத்தில் பஞ்சநாதனுக்கு ஒரு பெயர் இருந்தது. வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்தெல்லாம் மரக்காரர்கள் தங்கள் மிஷினைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார்கள். அவன் அதை ஓடவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கார்புரேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருக்கும். அதில் ஒன்றை நெல் முனை அளவு திருப்புவான். அவ்வளவுதான். “பஞ்சநாதன் காது வெச்சுட்டாருன்னா ஒரு வருசத்துக்குக் கவலயில்ல” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பாடத்தைத்தான் சொல்வான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு சுமலதாவுக்கும் அது மனப்பாடம். “சும்மா சுத்தறப்ப சத்தம் கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கணும், சளி கட்டுனவன் பேசற மாதிரி. மரத்துல வெச்சா தெளியும். சும்மா சுத்தறப்பவே தெளிவா பாடுச்சுன்னா, பெட்ரோல் பத்தல, எண்ணெயும் பத்தலன்னு அர்த்தம். பிஸ்டன் எரிஞ்சுடும்.”

அந்தக் காதுதான் இப்போது ‘வாங்கிட்டியா’ என்பதை வெயில் என்று எடுத்துக்கொண்டது.

எப்போதிலிருந்து என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் குக்கர் விசில். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து விசில் போய் பருப்பு கரைந்திருக்கும். பிறகு டிவி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அபி செய்யும் முதல் வேலை அப்பா வைத்த சத்தத்தைக் குறைப்பதுதான். அதன்பிறகு அவன் மனிதர்களின் வாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். யாராவது பேசினால் சிரிப்பான், கூட்டத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. ஒருநாள் அவள் மெதுவாக, “காதுக்கு ஒரு தடவ கதிர்காமம் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடலாமா?” என்று கேட்டாள். அது மட்டும் அவனுக்கு நன்றாகக் கேட்டது. “என் காதுக்கு என்னா?” என்று எழுந்து போனவன், அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவன் வேலையைத் தொடங்கினான். சுமலதா நைட்டி பேக் செய்யும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கழற்றிய திருகாணிகளை அட்டையில் வரிசையாகக் குத்தி, பக்கத்தில் எது எங்கே என்று பென்சிலால் எழுதிவைத்தான். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் ஒழுங்கு இருந்தது. அவனுக்கு வேலையில் எப்போதுமே ஒழுங்கு உண்டு.

கிளட்ச்சைக் கழற்றும்போது உள்ளே பிஸ்டன் சுற்றாமல் நிற்க வேண்டும்.

“ஒரு நாடா குடு” என்றான்.

“எதுக்கு?”

“குடேன்.”

கஸ்டமர் பாவாடைக்கு வைத்திருந்த வெள்ளை நாடாவில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தாள். அவன் பிளக் இருந்த ஓட்டை வழியாக அதை உள்ளே திணித்தான். மேலே வந்த பிஸ்டன் நாடாவில் முட்டி நின்றது. பிறகு கிளட்ச்சை உலகத்தில் எல்லாத் திருகாணிக்கும் எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினான். வெளியே வந்த நாடா கன்னங்கரேல் என்றிருந்தது.

“அந்தப் பாவாடயக் கட்டிக்கினு அந்தம்மா வந்து ஒனக்கு அர்ச்சன பண்ணப்போவுது” என்றாள். அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரியான நேரத்தில் சிரித்தான்.

சிலிண்டரை உருவியபோது பிஸ்டன் தெரிந்தது. ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. இன்னொரு பக்கம், பூனை பிறாண்டியதுபோல மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. பஞ்சநாதன் அதைப் பேப்பரில் வைத்து, எச்சரிக்கை சொல்பவன்போல விரலை ஆட்டினான்.

“பாத்தியா? எண்ணெய் ஊத்தாம ஓட்டியிருந்தா சுத்திலும் கீறும். இது புகை போற பக்கம் மட்டும் கீறியிருக்குது. ஸ்குருவ இறுக்கிட்டான். பெட்ரோல் பத்தாம ஓடியிருக்குது. எந்த முட்டாப்பயலோ காது இல்லாம டியூன் பண்ணியிருக்கான்.”

இந்த மிஷினின் சிலிண்டர் ஆழமாகக் கீறிப்போயிருந்தது, உதவாது. ஆக, கட்டிலுக்கு அடியில் கிடப்பதைத் திறந்தே ஆக வேண்டும். அவன் ஒரு பகல் முழுக்க அதைத் தள்ளிப்போட்டான். தலைவலி என்றான், டீ குடித்தான், ஸ்கூட்டரைத் துடைத்தான். சாயங்காலம்தான் கோணியை இழுத்தான்.

சுமலதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிலிண்டர் லேசில் வரவில்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினான். உள்ளேயிருந்து வந்த பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைப் பேப்பரில் முதல் பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் காபி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பிஸ்டனும் இரட்டைப் பிள்ளைகள்போலக் கிடந்தன. அதே பக்கம். அதே கோடுகள்.

அவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கவில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன்னுடையதை எடுத்துக் கந்தல் துணியில் சுருட்டி டப்பாவுக்குள் போட்டான்.

“எண்ணெய்தான்” என்றான், காபியைப் பார்த்து.

அந்த வாரம் ராமலிங்கம் வந்தான். முப்பத்தெட்டு வயது, ஒட்டிய வயிறு, இரண்டு முழங்காலிலும் மரப்பட்டை உரசி உரசிக் கறுத்த தழும்பு. குருசுக்குப்பத்தில் ஒரு வேலை வந்திருப்பதாகச் சொன்னான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் வீடு. தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரம் போன மழையில் வேரோடு சாய்ந்து மதிலில் படுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தர வேண்டும்.

“மிஷின் ரெடியாயிடுமாண்ணே? இல்லன்னா சொல்லிடு. கிரேன் வெச்சிருக்கறானே ஒருத்தன், அவன் என்னக் கூப்ட்டுக்கினே கீறான். புது மிஷினு மூணு கீதாம் அவன்கிட்ட.” அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான்.

“ரெடியாயிடும்” என்றான் பஞ்சநாதன். “இது மட்டும் எரிஞ்சா அப்புறம் நீ எங்க வேணா போ. மூணாவது வாங்க என்கிட்ட தெம்பு கெடையாது.”

அவன் டீக்கு இஞ்சி வாங்கக் கடைக்குப் போனபோது ராமலிங்கம் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி, அண்ணனுக்கு எதாச்சும் மனசுல கீதா? அன்னிக்கு லாஸ்பேட்டையில நான் மேலேர்ந்து ‘நில்லு நில்லு’ன்னு தொண்ட கிழியக் கத்தறேன், இவரு கயித்த விட்டுக்கினே கீறாரு. கிள என் காலுகிட்ட ஒரு முழம் தள்ளிப் போச்சு. அண்ணாந்து பாத்து சிரிக்கறாரு!” சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். ஆனால் கை தன்னையறியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

சுமலதா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “மிஷினு சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெச்சிருந்தாரு அன்னிக்கு. எடுக்க மறந்துட்டாரு” என்றாள்.

“அதானே பாத்தேன்” என்றான் ராமலிங்கம்.

அவன் போன பிறகும் அந்தப் பஞ்சு அவள் வாயிலேயே கிடந்ததுபோல இருந்தது. புருஷனுடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மானம் எவன் காலில் விழுந்திருக்கும் என்று இன்னொரு மனசு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒருவன் மேலே இருப்பான், ஒருவன் கீழே. அன்று தைத்த இரண்டு பாவாடைக்கும் தையல் கோணிக்கொண்டு போனது.

வேலை மட்டும் நன்றாக நடந்தது. சிலிண்டருக்குள் ஒட்டியிருந்த அலுமினியத்தை, குச்சியில் பஞ்சு சுற்றி ஆசிட்டில் தொட்டுத் தொட்டு எடுத்தான். புசுபுசுவென்று நுரைத்து அடங்கியது. அடியில் சிலிண்டரின் உள்சுவர் காயமில்லாமல் பளபளத்தது. கடையில் வாங்கிவந்த புது பிஸ்டனை அம்புக்குறி புகை போகும் பக்கம் பார்க்கும்படி மாட்டினான். பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையத்தை அமுக்கிப் பிடிக்கத் தன் தடித்த விரல்கள் சரிப்படாமல், “நீ அமுக்கு” என்று சுமலதாவை உட்காரவைத்தான். அவள் நகத்தால் அமுக்க, அவன் சிலிண்டரை மேலேயிருந்து இறக்க, மூன்றாவது தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டார்கள்.

காற்று எங்காவது கசிந்தாலும் பிஸ்டன் எரியும் என்பதால், ஓட்டைகளைச் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்துப் பம்பு வைத்துக் காற்றடித்து, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். கிராங்க்கின் ஒரு பக்கம் முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. அங்கே இருந்த ரப்பர் சீல் வளையத்தை மாற்றினான். மறுபடி தடவினான். ஒரு குமிழிகூட இல்லை. கடைசியில் ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து மிஷினை அந்தரத்தில் தொங்கவிட்டான். பொத்தென்று விழவில்லை. உள்ளே காற்று தாங்கிப் பிடிக்க, விட்டு விட்டு, மெல்ல இறங்கியது.

“கம்ப்ரஷன் பாத்தியா?” என்று அவன் முகம் மலர்ந்தபோது, கல்யாணமான புதிதில் இருந்த அந்த ஆள் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் அடித்தது. ராமலிங்கமும் வந்துவிட்டான். பஞ்சநாதன் இருமல் மருந்து மூடியால் எண்ணெய் அளந்து பெட்ரோலில் கலந்தான். டியூன் பண்ணச் சின்ன ஸ்குரூடிரைவர் வேண்டும் என்று அவளுடைய தையல் மிஷின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டான். ஏழெட்டு இழுப்புக்கு மிஷின் மசியவில்லை. அடுத்த இழுப்பில் இருமியது. அதற்கடுத்த இழுப்பில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கொய்யா மரத்தில் இருந்த அணில் பக்கத்து வீட்டு மாடிக்குத் தாவியது.

சுமலதா அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். முதலில் மெதுவான ஓட்டம், சரியாக இருந்தது. சூடேறியதும் அவன் முழு வேகம் கொடுத்தான். கரகரவென்று, சளி கட்டிய குரல். அதுவும் சரி. இங்கேயே விட்டுவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவன் திருகினான். கரகரப்பு குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினான். கரகரப்பு அறுந்துபோய், சத்தம் கம்பிபோல நீண்டு, தெளிந்து, மேலே மேலே ஏறியது.

அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

அவள் பிறந்தது குருசுக்குப்பத்தில். அப்பாவிடம் மீன்பிடிக்கும் பைபர் படகு இருந்தது. விடிகாலையில் கரையில் கூடையோடு நிற்கும்போது, படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எஞ்சின் சத்தத்தை வைத்து யாருடையது என்று சொல்லிவிடுவார்கள் குப்பத்துப் பெண்கள். எந்த எஞ்சின் நோயில் வருகிறது என்பதுகூடத் தெரியும். அதெல்லாம் யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. சோறு அதில் இருந்தது, அதனால் கேட்டார்கள்.

இந்தச் சத்தம் நோய்ச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் அந்தப் புது பிஸ்டனில் அதே பக்கம் அதே கோடுகள் விழும்.

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஞ்சநாதன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றான், பழைய மாதிரியே. ராமலிங்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்தினான். “சூப்பருண்ணே! பாடுது பாரு!” அவனுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். இத்தனை வருஷமாக அண்ணன் காதை நம்பியே இருந்துவிட்டான்.

சொன்னால் மூன்றாவது ஆள் முன்னால் சொன்னதாகும். ராமலிங்கம் போன பிறகு சொல்லலாம். போன பிறகு சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான், சாப்பிட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை இதே மிஷினோடு கிளம்புவான். பஞ்சநாதன் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். இப்போதெல்லாம் அவன் எல்லாவற்றையும் முகத்தில்தான் கேட்டான். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

மிஷினை அணைத்தான். “என்னா?”

“கரகரப்பு இல்ல.”

“கீது.”

“இல்லங்க. ரெண்டு திருகுக்கு முன்னாடியே போயிடுச்சு.”

ராமலிங்கம் சிரித்தான். “அண்ணி, பாவாட தைக்கறவங்க நீங்க, அண்ணன் காதுக்கே—”

அவன் முடிக்கவில்லை. பஞ்சநாதன் மிஷினைத் தரையில் வைத்துவிட்டுச் சாய்ப்புக்குள் போய், டப்பாவைத் திறந்து கந்தல் சுருட்டலை எடுத்துவந்து ராமலிங்கத்தின் கையில் கொடுத்தான். பிரித்தால், கீறிய பிஸ்டன்.

“அது நம்மளுது” என்றான். “எண்ணெய் எதுவும் கலப்படம் இல்ல. நான் டியூன் பண்ணி எரிச்சது. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல, ராமலிங்கம். கரகரன்னும் கேக்கல, தெளிவாவும் கேக்கல. கொஞ்ச நாளா எல்லாம் தண்ணிக்குள்ளேர்ந்து கேக்கற மாதிரி கீது.”

“எத்தினி நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

ராமலிங்கம் பிஸ்டனைக் கையில் உருட்டினான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப்போக நேரம் எடுத்தது.

“ரெண்டு வருசமா நான் மேல இருந்தேன்” என்றான். பிறகு சுமலதா பக்கம் திரும்பினான். “பஞ்சுன்னு சொன்னீங்களே அண்ணி.”

அவள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பிஸ்டனைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுப் போனான். பைக் கிளம்பிப் போகும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

பஞ்சநாதன் கல்லில் உட்கார்ந்தான். டீ ஆறி ஆடை கட்டியது. கொய்யா மரத்துக்கு அணில் திரும்பி வந்தது. திட்டுவான் என்று நினைத்தாள், திட்டவில்லை. “எப்பிடி கேட்டுது ஒனக்கு?” என்றான்.

“மொதல்ல எங்கப்பா எஞ்சின் மாதிரி. அப்பறம் கொசு மாதிரி.”

அவன் தலையாட்டினான். அவள் கீழே கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்து அவன் கையில் வைத்தாள். “ஸ்டார்ட் பண்ணு. நான் எதுக்க நிக்கறேன். கைய ஏத்துனா இறுக்கு, எறக்குனா லூசு பண்ணு. கைய விரிச்சுக் காட்டுனா விட்டுடு.”

அப்படித்தான் செய்தார்கள். கை அவனுடையது, காது அவளுடையது. அவள் கையை இறக்கினாள், இன்னும் இறக்கினாள். கம்பி அறுந்து மெதுவாகச் சளி கட்டியது. ஒரு இடத்தில் அதிகமாகிப் புகை சூழ்ந்தது, லேசாக ஏற்றினாள். பிறகு உள்ளங்கையை விரித்தாள். கிடந்த வேப்பங்கட்டை ஒன்றை அவன் காலால் அழுத்தி அதில் மிஷினை வைத்தபோது, கரகரப்பு நீங்கிச் சத்தம் தெளிந்தது. எடுத்ததும் மறுபடி கரகரத்தது.

“தெளிஞ்சுதா?” என்று கத்தினான்.

“தெளிஞ்சுது!” என்று அவளும் கத்தினாள்.

சனிக்கிழமை ராமலிங்கத்திடமிருந்து போன் வரவில்லை. இவனும் போடவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, “செவ்வாக்கெழம கதிர்காமம் போலாம்” என்றான் பஞ்சநாதன், சோற்றைப் பார்த்துக்கொண்டே. அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் பைக் நின்றது. ராமலிங்கம் இறங்கவில்லை. பின்னால் தடித்த கயிற்றுச் சுருளோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார், அவனுடைய மச்சான் சுப்பிரமணியன்.

“மிஷினு?”

“ரெடி” என்றாள் சுமலதா.

ராமலிங்கம் பஞ்சநாதன் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். “கயித்துக்கு இவரு. நீ மிஷினு மட்டும். நான் மரத்த விட்டு எறங்கி வந்து ஒன் தோள தட்டறவரைக்கும் நீ மரத்துகிட்ட வரக்கூடாது. சம்மதம்னா வா.”

பதினாறு வருஷம் பிடித்த கயிறு. பஞ்சநாதன் அந்தக் கயிற்றுச் சுருளையே பார்த்தான். “சம்மதம்” என்றான்.

“அண்ணியும் வரணும்” என்றான் ராமலிங்கம், அவளைப் பார்க்காமலே. “மிஷினு சத்தத்துக்கு.” கோபம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனாலும் வந்திருந்தான்.

சொல்தா வீட்டு மதில்மேல் தூங்குமூஞ்சி மரம் முழங்கையை ஊன்றிப் படுத்ததுபோலக் கிடந்தது. ராமலிங்கம் கிளைகளைக் கழித்து முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. அதுவரை பஞ்சநாதன் தெருவுக்கு இந்தப் பக்கம், மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலேயிருந்து ‘விடு’, ‘நில்லு’ என்று குரல் வரும்போதெல்லாம் சுமலதா அவனைப் பார்த்தாள். அவன் கண் சுப்பிரமணியனின் கைமேல் இருந்தது.

பிறகு ராமலிங்கம் இறங்கிவந்து அவன் தோளைத் தட்டினான்.

மிஷின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கரகரவென்று ஓடி, அடிமரத்தில் பல் பதிந்ததும் தெளிந்தது. வெள்ளையும் பழுப்புமாக மரத்தூள் அவன் காலில் கொட்டியது. சுமலதா அவனுக்கு எதிரே பத்தடி தள்ளி நின்றாள். ஒரு துண்டு விழுந்தது. இரண்டாவது. வெட்டுக்கு வெட்டு நடுவே அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான், அவள் தலையசைப்பாள். அவளுக்குப் பின்னால் கடல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, காதை வேறெங்கும் கொடுக்க முடியவில்லை.

மூன்றாவது துண்டு பாதியில் இருக்கும்போது சத்தம் மாறியது. கம்பிபோல நீண்டு, விறுவிறுவென்று மேலே ஏறியது. வெள்ளிக்கிழமை கேட்ட அதே சத்தம். கையைத் தூக்கி விரித்தாள்.

அவன் யோசிக்கவில்லை. பாதி வெட்டில், மரத்துக்குள் பல் இருக்கும்போதே, மிஷினை அணைத்தான்.

எல்லாம் நின்றுபோனது. ராமலிங்கம் ஓடிவந்தான். “என்னாச்சு? எரிஞ்சுடுச்சா?”

பஞ்சநாதன் மிஷினை வெட்டிலிருந்து உருவிக் கவிழ்க்காமல் தரையில் வைத்தான். சிலிண்டர் பக்கம் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தான். ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தான், இறுகாமல் வந்தது. பிறகு பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மிஷினைச் சாய்த்து மறுபடி பார்த்தான்.

“பெட்ரோல் தீந்துபோச்சு” என்றான்.

சுமலதாவுக்கு முகம் சூடாகிவிட்டது. கடைசிச் சொட்டில் எஞ்சின் காய்ந்து கத்துவது சகஜம்தான். அவளுக்கும் தெரியும், பயத்தில் மறந்துவிட்டது. “நான் என்னமோன்னு நெனச்சு கையத் தூக்கிட்டேன்” என்றாள்.

“தூக்குனதுதான் சரி” என்றான் பஞ்சநாதன்.

ராமலிங்கம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். போய்ப் பெட்ரோல் கேனை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, இருமல் மருந்து மூடியை அவளிடம் நீட்டினான்.

“எண்ணெய் எத்தினி மூடி ஊத்தணும் அண்ணி?”